டயர் காசு

“ஏனுங்க, இது ஒரு மணி நேரம் ஓடுனா நமக்கு என்னுங்க மிஞ்சும்?”

முதலாளி என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. 2009 ஆகஸ்ட். மீனம்பாக்கத்தில் சிறு விமானங்கள் நிற்கிற பகுதியில் எங்கள் கிங் ஏர் பி-200 வந்து இறங்கி இரண்டு நாள் ஆகியிருந்தது. அமெரிக்காவில் பல கை மாறி ஓடிய பழைய விமானம். கூஸ் பே, கிரீன்லாந்தின் நர்சர்சுவாக், ரெய்க்யவிக் என்று வட அட்லாண்டிக்கைத் துண்டு துண்டாகத் தாண்டி, ஐரோப்பா, வளைகுடா வழியாகப் பறந்து வந்திருந்தது. இறக்கையின் முன்விளிம்பில் எந்தெந்த நாட்டுப் பூச்சிகளோ ஒட்டிக் காய்ந்து கிடந்தன. முதலாளி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, புரொப்பெல்லர் இலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் கணக்குக் கேட்டார்.

அவர் திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர். ஒற்றை லாரியில் தொடங்கி போர்வெல் ரிக் வண்டிகள் வரை வளர்ந்தவர். இரண்டு கூட்டாளிகளோடு சேர்ந்து சார்ட்டர் கம்பெனி தொடங்கியிருந்தார். நான் விமானப் பராமரிப்பு இன்ஜினீயர், ஏ.எம்.இ. என்பார்கள். இந்த விமானம் இன்று பறக்கத் தகுதியானது என்று கையெழுத்துப் போடுகிற வேலை.

அவர் விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். எண்ணெய் எவ்வளவு, டிரைவர் பேட்டா எவ்வளவு, இறங்குற எடத்துல டோல் எவ்வளவு. எண்ணெய் மணிக்கு ஏறக்குறைய 380 லிட்டர் என்றேன். இறங்கு கட்டணம், நிறுத்தக் கட்டணம், விமானிகள் சம்பளம், இன்சூரன்ஸ் எல்லாம் சொன்னேன். மணிக்கு 85,000 ரூபாய் வாடகை என்று அவர்கள் முடிவு செய்திருந்தார்கள். கழித்துப் பார்த்தபோது அவர் முகம் மலர்ந்தது.

“அதோட டயர் காசு ஒண்ணு இருக்குங்க” என்றேன்.

லாரித் தொழில் தெரிந்தவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. லோடு இறக்கிக் கையில் வாங்குகிற பணம் முழுவதும் லாபம் அல்ல. வண்டி ஓடிய ஒவ்வொரு கிலோமீட்டரும் டயரைத் தேய்த்திருக்கிறது. அந்தத் தேய்மானத்துக்கு உரியதை அன்றன்றே ஒதுக்காதவன், பத்து டயரையும் மாற்ற வேண்டிய நாளில் வட்டிக்குக் கடன் வாங்கி நிற்பான். விமானத்தில் அந்த டயர், இன்ஜின்.

எங்கள் விமானத்தில் இருந்தவை இரண்டு பி.டி.6ஏ-42 இன்ஜின்கள். கனடாவின் பிராட் அண்ட் விட்னி தயாரிப்பு, ஒவ்வொன்றும் 850 குதிரைத்திறன். இந்த இன்ஜின் வகை 1960-களிலிருந்து பறந்துகொண்டிருக்கிறது. அதன் அமைப்பை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு மகிழ்ச்சி. காற்று பின்பக்கத்தில் நுழைந்து முன்னோக்கி ஓடுகிறது. புகை மூக்குக்குப் பக்கத்தில் வெளியேறுகிறது. கம்ப்ரசரைச் சுழற்றும் டர்பைனுக்கும் புரொப்பெல்லரைச் சுழற்றும் டர்பைனுக்கும் நடுவே இரும்புத் தொடர்பு எதுவும் இல்லை. இடையில் இருப்பது வெறும் சூடான காற்று. அதனால்தான் நின்ற விமானத்தின் புரொப்பெல்லரை ஒரு குழந்தைகூட விரலால் சுற்றிவிடலாம். உள்ளே இருக்கும் மற்ற அச்சோ முழு வேகத்தில் நிமிடத்துக்கு 37 ஆயிரம் முறைக்கு மேல் சுற்றும். அந்த வேகமும், 800 டிகிரி வரை போகும் சூடும் உலோகத்தைத் தின்றுகொண்டே இருக்கும். 1,800 மணி நேரத்தில் சூடான பகுதியைத் திறந்து பார்க்க வேண்டும். ஹாட் செக்‌ஷன் என்போம். 3,600 மணி நேரத்தில் இன்ஜினையே கழற்றி அனுப்பி முழு ஓவர்ஹால்.

எங்களிடம் வந்தபோது இரண்டு இன்ஜினும் 1,900 மணி ஓடியிருந்தன. ஹாட் செக்‌ஷன் அப்போதுதான் முடிந்தது என்று விற்றவர் பெருமையாக எழுதிக் கொடுத்திருந்தார். ஓவர்ஹாலுக்கு ஒன்றுக்கு 3 லட்சம் டாலர், இரண்டுக்கும் 6 லட்சம் என்று எனக்குத் தெரிந்த பணிமனைகளில் விலை கேட்டு வைத்திருந்தேன். 6 லட்சத்தை 3,600-ஆல் வகுத்து, மணிக்கு 170 டாலர் போல ஒதுக்கினால் போதும் என்று முதலாளியிடம் சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “பழைய டயரோட வண்டி வாங்குனா, முன்னால ஓட்டுனவன் தேச்சதுக்கும் நாமதானுங்களே காசு வெக்கோணும்?” என்றார்.

நான் நின்றுவிட்டேன். அவர் சொன்னதுதான் சரி. 3,600 மணியில் 1,900 மணியை யாரோ ஓட்டித் தீர்த்துவிட்டார்கள். எங்கள் கையில் இருந்தவை 1,700 மணிதான். அந்த 1,700 மணிக்குள் முழு 6 லட்சமும் சேர வேண்டும். அப்படியானால் மணிக்கு 350 டாலர். அன்றைய மாற்று விலையில் 16,000 ரூபாய்க்கு மேல். பதினைந்து வருடம் லைசென்ஸ் வைத்திருந்த எனக்குத் தவறிய கணக்கு, விமானத்தை முதல்முறை தொட்டுப் பார்த்தவருக்குத் தவறவில்லை. அன்றே திருச்செங்கோட்டில் தனி வங்கிக் கணக்கு தொடங்கச் சொல்லி போன் போட்டார். கம்பெனிக்குள் அந்தக் கணக்கின் பெயர் கடைசிவரை ‘டயர் காசு’தான்.

சார்ட்டர் என்றால் பணக்காரர்கள் சொகுசாகப் போகும் வண்டி என்றுதான் வெளியே பெயர். தொழிலுக்குள் இருப்பவனுக்கு அது காலி ஓட்டத்தின் கணக்கு. சென்னையிலிருந்து ஒருவரை மதுரைக்குக் கொண்டுபோய் விட்டால், திரும்பும்போது ஆள் கிடையாது. கொச்சியில் ஒருவர் ஏறக் காத்திருந்தால் கொச்சிவரை வெறும் விமானமாகப் போக வேண்டும். முதலாளி முதல் மாதம் முழுவதும் “ரிட்டன் லோடு இல்லீங்களா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எங்கள் அனுமதி அட்டவணையில்லாத சேவைக்கானது. டவுன் பஸ் போல நேரம் அறிவித்து ஓட்ட முடியாது. எங்களிடம் முழு விமானத்தையும் ஒருவர் எடுக்க வேண்டும்; போக வரக் கூலி அவர் தலையில்தான்.

எண்ணெயிலும் எங்களுக்கு ஓரவஞ்சனை இருந்தது. நாற்பதாயிரம் கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள விமானத்தை அட்டவணைப்படி பறக்கும் நிறுவனம் ஓட்டினால் எரிபொருளுக்கு அப்போது விற்பனை வரி 4 சதவீதம். எங்கள் விமானத்தின் அதிகபட்ச எடை 5,670 கிலோ. ஆனால் அட்டவணை இல்லாதவர்கள் என்பதால் சலுகை கிடைக்கவில்லை. தமிழ்நாட்டில் 29 சதவீதம் கட்டினோம். எழுபது பேர் ஏறும் விமானமும் ஏழு பேர் ஏறும் விமானமும் ஒரே பவுசர் வண்டியில் எண்ணெய் பிடித்துவிட்டு வேறு வேறு விலை கொடுத்தன. இது நியாயம் என்று எனக்கு ஒருநாளும் பட்டதில்லை.

இன்னொன்று, வாடிக்கையாளருக்குக் கண்ணில் படாத செலவு. திருப்பதிக்கு ரேணிகுண்டாவரை இருபது, இருபத்தைந்து நிமிடப் பயணம். தரிசனத்துக்குக் குடும்பத்தோடு போவார்கள். மணிக்கணக்கில் பார்த்தால் சின்ன ஓட்டம். ஆனால் இன்ஜினுக்குள் இருக்கும் டர்பைன் தட்டுகளின் ஆயுள் மணியில் அளக்கப்படுவதில்லை. எத்தனை முறை சூடாகிக் குளிர்ந்தது என்பதில் அளக்கப்படுகிறது. மூன்று மணி நேரம் போர்ட் பிளேருக்குப் போனாலும் ஒரு சுற்றுதான், இருபது நிமிடம் ரேணிகுண்டாவுக்குப் போனாலும் ஒரு சுற்றுதான். குறுகிய ஓட்டத்துக்குக் கூடுதல் வாடகை வைக்க வேண்டும் என்று எழுதியே கொடுத்தேன். பேரம் பேசுகிறவர் முன்னால் அந்தக் காகிதத்துக்கு மதிப்பு இருக்கவில்லை.

எனக்குத் தொழில் சொல்லித் தந்த பெரியவர் டகோட்டா காலத்து மனிதர். உலகப் போர் முடிந்ததும் மிச்சமான டகோட்டா விமானங்கள் மலிவாகக் கிடைத்தன. கேட்டவர்க்கெல்லாம் உரிமம் கொடுத்தார்கள். அம்பிகா ஏர்லைன்ஸ், ஜூபிடர் ஏர்வேஸ் என்று பெயர்கள் முளைத்தன; ஐம்பதுகள் பிறப்பதற்குள் இல்லாமலும் போயின. 1950-இல் நீதிபதி ராஜாத்யக்ஷா தலைமையில் குழு அமைத்து விசாரித்தபோது, நாட்டில் இருந்த போக்குவரத்து தாங்குவதற்கு மேல் உரிமங்கள் கொடுக்கப்பட்டிருப்பதைச் சொன்னார்கள். 1953-இல் மிஞ்சியவற்றை எல்லாம் சேர்த்து அரசே எடுத்துக்கொண்டது. பெரியவர் அந்தக் கதையைச் சொல்லும்போது கம்பெனி முதலாளிகளைத் திட்டமாட்டார். “விமானம் சல்லிசாக் கிடைச்சுதுப்பா. இன்ஜின் சல்லிசாக் கிடைக்கல” என்பார். அவ்வளவுதான்.

1990-களின் தொடக்கத்தில் நான் லைசென்ஸ் தேர்வுகள் எழுதிக்கொண்டிருந்தபோது கதவு மறுபடி திறந்தது. அதுவும் சார்ட்டர் வாசல் வழியாகத்தான். 1953 சட்டம் அப்போதும் உயிரோடு இருந்ததால், ஈஸ்ட்-வெஸ்ட், டமானியா, மோடிலுஃப்ட், சென்னையின் என்.இ.பி.சி. எல்லாம் சட்டத்தின் கண்ணில் வெறும் ஏர் டாக்ஸிகள். தினமும் ஒரே நேரத்துக்குப் பறந்தாலும் அதை அட்டவணை என்று அச்சடித்துச் சொல்லக் கூடாது. 1994 மார்ச் 1-இல் அந்தச் சட்டம் நீங்கியது. 1997 முடிவதற்குள் நான் சொன்ன நான்கு பெயருமே வானத்தில் இல்லை. அந்த அலையில் சென்னையில் தோன்றிய ஒரு சிறிய கம்பெனியில்தான் என் முதல் வேலை. பெயர் வேண்டாம். எட்டு மாதச் சம்பளம் வராமல் போனது. ஆகவே 2009-இல் மறுபடி ஒரு சிறு கம்பெனிக்குப் போகிறேன் என்றபோது என் மனைவி கேட்டாள்: “அவங்க காசை எங்க வெக்கறாங்கன்னு பாத்தீங்களா?” தனிக் கணக்கைப் பற்றிச் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் எதுவும் சொல்லவில்லை.

அனுமதிப் பத்திரம் கைக்கு வர ஐந்து மாதம் ஆனது. 2010 ஜனவரியில் முதல் வாடகை. முதல் மூன்று ஆண்டுகள், ஆண்டுக்குச் சராசரி 450 மணிக்கு மேல் பறந்தோம். ஒற்றை விமானம் வைத்திருப்பவனுக்கு அது நல்ல ஓட்டம். 2011 ஏப்ரலில் தேர்தலும் வந்தது, அந்த மாதமே 24-ஆம் தேதி சத்ய சாய்பாபா மறைந்தார். புட்டபர்த்தியின் சின்ன ஓடுதளத்துக்கு நாடெங்கிலுமிருந்து விமானங்கள் வரிசை கட்டின. இறக்கிவிட்டு உடனே கிளம்ப வேண்டும், நிற்க இடம் கிடையாது. நான்கு நாள் நான் வீட்டுக்குப் போகவில்லை. இரவில் இன்ஜின் மூடியைத் திறந்து டார்ச் வெளிச்சத்தில் பார்ப்பேன், எண்ணெய் அளவு குறிப்பேன், விடியுமுன் மூடுவேன்.

ஆனால் அந்தக் கம்பெனி எதற்காக இருந்தது என்று என்னைக் கேட்டால், நான் சொல்வது 2011 ஜனவரியில் ஒரு போர்ட் பிளேர் பயணம்.

பத்தொன்பது வயதுப் பையன். பைக் விபத்தில் விலா எலும்புகள் உடைந்து, நுரையீரலைச் சுற்றிக் காற்றுத் தேங்கியிருந்தது. நெஞ்சில் குழாய் போட்டிருந்தார்கள். சென்னைக்குக் கொண்டுவர வேண்டும். போர்ட் பிளேர் தளம் கடற்படையின் கையில் உள்ளது. சிவில் விமானங்களுக்கு அப்போது பகலில்தான் இடம். அதனால் இருட்டிலேயே கிளம்பினோம். டாக்டரும் நர்ஸும் பின்னால், கருவிப் பையோடு நான் கடைசி இருக்கையில். அங்கே ஏதாவது பழுதானால் சரி செய்ய வேறு ஆள் கிடைக்காது என்பதால் தூரப் பயணங்களில் என்னையும் ஏற்றிக்கொள்வார்கள்.

வங்காள விரிகுடாவுக்கு மேலே சுமார் 1,370 கிலோமீட்டர். நடுவில் இறங்க இடம் கிடையாது. பாதி தாண்டிய ஒரு புள்ளி உண்டு. அதைக் கடந்தால் திரும்புவதைவிட முன்னே போவதே வழி. கேப்டன் அந்தப் புள்ளிக்கு முன்னால் போர்ட் பிளேர் வானிலையை இரண்டு முறை கேட்டார். அப்போது அவர் கழுத்தின் பின்புறம் வேர்த்திருந்ததை நான் பார்த்தேன்.

எங்கள் விமானத்தின் கதவு சரக்குக் கதவு அல்ல, படிக்கட்டோடு கீழே மடியும் சின்னக் கதவு. ஸ்ட்ரெச்சரை அப்படியே நுழைக்க முடியாது. ஆறு பேர் சேர்ந்து, தலைப்பக்கம் உயர்த்தி, பக்கவாட்டில் சாய்த்து, குழாய் இழுபடாமல் உள்ளே கொண்டுபோக இருபது நிமிடம் ஆனது. பையனின் அம்மா படிக்கட்டின் கீழே நின்று அவன் கால்விரலைப் பிடித்திருந்தார். விடச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. கேப்டன்தான், “அம்மா, நீங்களும் ஏறுங்க” என்றார். ஒரு இருக்கை காலி இருந்தது.

டாக்டர் ஒரு நிபந்தனை வைத்தார். மேலே போகப் போக கேபினில் காற்றழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் நெஞ்சுக்குள் சிக்கிய காற்று விரியும். ஆகவே கேபினுக்குள் கடல்மட்ட அழுத்தமே இருக்க வேண்டும். கிங் ஏர் கேபின் தாங்கும் அழுத்த வேறுபாடு சதுர அங்குலத்துக்கு 6.5 பவுண்டு. அந்த அளவுக்குள் கடல்மட்ட அழுத்தத்தை வைத்திருக்க முடிவது ஏறக்குறைய 15,000 அடிவரைதான். வரும்போது 28,000 அடியில் வந்தோம். திரும்பும்போது 15,000-ஐ விட்டு ஏறவில்லை. அந்த உயரத்தில் காற்று அடர்த்தியாக இருக்கும், எண்ணெய் அதிகம் குடிக்கும், மேகங்களுக்கு மேலே தப்பிப் போகவும் முடியாது. குலுங்கிக்கொண்டே வந்தோம். நெஞ்சுக் குழாயின் மறுமுனை தண்ணீர் அடைத்த ஒரு பாட்டிலுக்குள் இருந்தது. அது நோயாளிக்குக் கீழே, சாயாமல் நிற்க வேண்டும். டாக்டர் அதை என் கையில் கொடுத்தார். மூன்றேகால் மணி நேரம் இரண்டு முழங்காலுக்கு நடுவே அதைப் பிடித்திருந்தேன். மூச்சுக்கு மூச்சு ஒரு குமிழி. பதினெட்டு வருடம் இன்ஜின் முட்களைப் பார்த்துப் பழகிய கண் அந்தக் குமிழியை விட்டு நகரவில்லை. இரண்டு இன்ஜினும் ஒரே சுருதியில் பாடிக்கொண்டிருந்தன. சுருதி பிசகினால் எனக்கு உறக்கத்தில்கூடத் தெரியும். பிசகவில்லை.

பையன் பிழைத்தான். மூன்று மாதம் கழித்து அவன் அம்மா ஒரு டப்பா தேங்காய் பர்பியோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்.

அன்று மாலை ஆம்புலன்ஸ் போன பிறகு நான் செய்தது வழக்கமான வேலை. கடல்மேல் அவ்வளவு நேரம் தாழ்வாகப் பறந்தால் கம்ப்ரசர் இலைகளில் உப்புப் படியும். விட்டால் அரிக்கும். இன்ஜின் ஆறியதும் ஸ்டார்ட்டரை மட்டும் சுழலவிட்டு, தாது நீக்கிய தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினேன். பிறகு ஐந்து நிமிடம் ஓட்டி உலர்த்தினேன். இடது இன்ஜின், வலது இன்ஜின் இரண்டின் பதிவேட்டிலும் தேதி போட்டு எழுதினேன். அது சின்ன வேலை, பதிவேட்டில் தனி வரியாக எழுத வேண்டியதில்லை என்று சொல்வார்கள். நான் எழுதுவேன்.

2012-இல் ஜெட் பேச்சு வந்தது. பெரிய வாடிக்கையாளர்கள் புரொப்பெல்லரைப் பார்த்தால் பழைய வண்டி என்று நினைக்கிறார்கள் என்பது கூட்டாளிகளின் வாதம். அதில் உண்மையும் இருந்தது. விசாரித்துவிட்டு ‘ஜெட் இல்லையா’ என்று போனை வைத்தவர்கள் பலர். ஒரு சிறிய ஜெட்டை வெளிநாட்டிலிருந்து குத்தகைக்கு எடுப்பது என்று முடிவானது. முன்பணமும் மாத வாடகையும் டாலரில். பறந்தாலும் பறக்காவிட்டாலும் கட்ட வேண்டும். முன்பணத்துக்கு எங்கே போவது? திருச்செங்கோட்டுக் கணக்கில் அப்போது ஏறக்குறைய 1 கோடியே 80 லட்சம் இருந்தது.

முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “ஆறு மாசத்துல திருப்பி வெச்சர்லாமுங்க. நீங்க என்ன சொல்றீங்?” என்றார். அது என் பணம் அல்ல, எனக்கு வாக்கும் இல்லை. ஆனாலும் கேட்டார். வேண்டாமுங்க என்றேன். இன்ஜினுக்கு இன்னும் 580 மணிதான் இருக்கிறது, ஒன்றேகால் வருடத்தில் முடிந்துவிடும் என்றேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கூட்டாளிகளில் ஒருவர் அவருக்குச் சம்பந்தி முறை. அதை நானும் அறிவேன். மறுவாரம் பணம் போய்விட்டது.

ஜெட் வந்தது, அழகாகத்தான் இருந்தது. ஆறு மாதத்தில் எத்தனை முறை பறந்தது என்பதை எண்ணிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. 2013 மே தொடக்கத்தில் டாலர் 54 ரூபாய் சுற்றில் இருந்தது. ஆகஸ்ட் 28 அன்று 68-ஐத் தாண்டியது. ஓவர்ஹாலுக்கு வேண்டிய 6 லட்சம் டாலர், மே மாதத்தில் 3 கோடியே 24 லட்சம். ஆகஸ்ட் இறுதியில் 4 கோடியே 8 லட்சம். நாங்கள் எதுவும் செய்யாமலே, நாலே மாதத்தில் 84 லட்சம் கூடியது. எரிபொருள் லிட்டர் 75 ரூபாய்க்கு மேல் போனது. ஜெட்டின் வாடகையும் அதே டாலரில் ஏறியது. விமானிகள் ஒவ்வொருவராக வேறு இடம் பார்த்துப் போனார்கள்.

செப்டம்பரில் ஒரு நாள் கூட்டாளிகளில் ஒருவர் என்னிடம் வந்தார். ஆளில்லாமல் திரும்பும் ஓட்டங்களை இன்ஜின் பதிவேட்டில் ஏற்றாமல் விட்டால் இன்னும் இரண்டு மாதம் ஓட்டலாமே என்றார். யாருக்குத் தெரியப் போகிறது என்றார். என் கையெழுத்துக்குக் கீழே ஏறுகிறவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். ஒரு பையன், அவன் கால்விரலைப் பிடித்த அம்மா, கேப்டன். முடியாது என்றேன். குரல் உயர்ந்தது. முதலாளி உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டார். “அவரு சொல்றதுதானுங்க” என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அதற்காக அவருக்கு நான் என்றும் கடன்பட்டவன்.

கடைசிப் பயணம் கோயம்புத்தூரிலிருந்து சென்னை. 3,597 மணியில் நிறுத்தினேன். மூன்று மணி மிச்சம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு போய்வர உருப்படியான இடம் எதுவும் இல்லை.

அதன் பிறகு விமானத்தைச் சும்மா விடக் கூடாது. ஓடுவதைவிட நிற்பது அதற்குக் கெடுதல். இன்ஜின் வாய்களை மூடி, உள்ளே ஈரம் உறிஞ்சும் பைகள் வைத்து, எரிபொருள் டேங்கின் அடியில் தண்ணீர் சேராமல் வடித்து, பதினைந்து நாளுக்கொருமுறை சக்கரங்களைக் கொஞ்சம் உருட்டிவிட்டு வந்தேன். சம்பளம் நின்ற பிறகும் செய்தேன். முதலாளி இரண்டு ரிக் வண்டிகளை விற்று, ஒருவர் விடாமல் எல்லோருடைய பாக்கிச் சம்பளத்தையும் பி.எஃப். பணத்தையும் கட்டினார். எனக்கு இது இரண்டாவது கம்பெனி மூடல். வாங்க வேண்டியது முழுவதும் கைக்கு வந்தது இதில்தான்.

2014 நடுவில் இன்ஜின்களை விற்றார்கள். ஆயுள் முடிந்த பி.டி.6-க்கும் விலை உண்டு; ஓவர்ஹால் செய்து விற்கிறவர்கள் வாங்கிக்கொள்வார்கள். கழற்றியது நான்தான். குழாய் ஒவ்வொன்றின் வாயையும் அடைத்து, கம்பிகளில் எண் கட்டி, பெட்டிக்குள் இறக்கினேன். முன்பக்க எடை போய்விட்டால் கிங் ஏர் வால் பக்கம் உட்கார்ந்துவிடும். ஆகவே இன்ஜின் இருந்த இடத்தில் மணல் மூட்டைகள் கட்டித் தொங்கவிட்டேன். நான் பக்கத்து நிறுத்துமிடத்திலேயே வேறொரு கம்பெனியில் சேர்ந்திருந்தேன். தினமும் காலையில் அந்த மணல் மூட்டைகளைப் பார்த்துக்கொண்டுதான் வேலைக்குப் போனேன்.

2015 டிசம்பர் 1. சென்னைவாசிகளுக்கு அந்தத் தேதியை நான் விளக்க வேண்டியதில்லை. செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்ட இரவு, அடையாறு விமான நிலையத்துக்குள் வந்தது. எங்கள் இரண்டாவது ஓடுதளமே அந்த ஆற்றின் மேல் பாலமாகப் போகிறது. நாட்கணக்கில் நிலையம் மூடிக் கிடந்தது. ஊர்ப் பயணிகளை அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து ஏற்றினார்கள். எனக்கு உள்ளே போக அனுமதி கிடைத்தபோது சிறு விமானங்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, சேறு பூசிக் கிடந்தன. எங்களுடையது நின்ற இடத்தில் இல்லை. இன்ஜின் இல்லாத விமானம் லேசு. மணல் மூட்டைகளை வெள்ளம் அவிழ்த்திருந்தது. மிதந்து போய் மதில் ஓரமாக, மூக்கைச் சுவரில் வைத்து நின்றிருந்தது. கதவைத் திறந்தேன். கடைசி இருக்கையின் துணியில் இடுப்பளவு உயரத்துக்குச் சேற்றுக்கோடு. முதலாளிக்குப் போன் செய்தேன். “நீங்க, வீட்டுல எல்லாரும் சௌக்கியமுங்களா?” என்று கேட்டார். சௌக்கியம் என்றேன். அதற்கு மேல் இருவரும் விமானத்தைப் பற்றிப் பேசவில்லை.

2018-இல் நான் வேலை செய்த கம்பெனியின் கிங் ஏருக்கு ஒரு இன்ஜின் பழுதாகி, வாடகை இன்ஜின் ஒன்று வரவழைத்தார்கள். மரப்பெட்டியைத் திறந்தோம். புதுப் பெயின்ட் மின்னியது. மாட்டுவதற்கு முன் தகட்டிலுள்ள எண்ணையும் பதிவேட்டையும் ஒப்பிடுவது என் வேலை. பி.சி.இ. என்று தொடங்கும் அந்த எண்ணைப் படித்ததும் கை நின்றது. நம்பாமல் பதிவேட்டின் பழைய பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினேன். ஓவர்ஹால் செய்த வெளிநாட்டுப் பணிமனையின் முத்திரைகள், அதற்கு முன்னால் 3,597 மணியில் கழற்றியதாக ஒரு வரி, இன்னும் பின்னால் போனால் 2011 ஜனவரியில், நீல மையில், கடல்மேல் பறந்ததற்காகக் கம்ப்ரசர் கழுவப்பட்டது என்று என் கையெழுத்து. எங்கள் இடது இன்ஜின்.

உதவிக்கு இருந்த பையன், “என்ன சார், ஏதாவது மிஸ்டேக்கா?” என்றான். இல்லப்பா என்றேன். அன்று சாயங்காலத்துக்குள் மாட்டி முடித்து, குழாய்களையும் கம்பிகளையும் இரண்டு முறை சரிபார்த்தோம். நான் காக்பிட்டில் ஏறி ஸ்டார்ட்டரைப் போட்டேன். முள் எழுந்தது, எரிபொருள் திறந்தேன், ‘பொக்’ என்று பற்றியது. எங்களிடம் இருந்த கடைசி நாட்களில் பற்றவைக்கும்போது வெப்பநிலை 790-வரை ஏறி இறங்கும். இப்போது 710-ஐத் தொட்டுவிட்டு இறங்கி நிலைத்தது. எண்ணெய் அழுத்தம் பார்த்தேன், சுருதி கேட்டேன். அணைத்துவிட்டு இறங்கி வந்து, புதுப் பக்கத்தில் தேதி போட்டு 710 என்று எழுதினேன்.